தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து தொடங்குவோம்

(கோலார் தங்கவயலில் நாய் வளர்ப்போரிடையே கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாய்களுக்கு வரும் நீர்க்கடுப்பைப் பற்றி, அதாவது சிறுநீர்ப் பாதையில் உண்டாகும் கிருமித் தொற்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். தட்டில் போடும் சோற்றாலும் கடையில் வாங்கும் சப்ளிமென்ட்டுகளாலும் இந்த நோயில் எவ்வளவு உதவ முடியும், எந்த இடத்தில் உதவ முடியாது என்பதுதான் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு உணவு துணை நிற்கும், மருந்தாகாது. அந்தத் துணைகளிலும் முதலிடம் தண்ணீருக்கு. விலை உயர்ந்த பொடிகளும் மாத்திரைகளும் அதற்கு வெகு தூரம் பின்னால்தான் வருகின்றன.

நோய் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். பெட்டை நாய் ஒன்று வாசலில் குந்துகிறது. நாலு சொட்டு விழுகிறது. எழுந்து இரண்டடி நடந்து மறுபடியும் குந்துகிறது. இந்த முறை எதுவும் வரவில்லை, ஆனால் முதுகை வளைத்து முக்குகிறது. பிறகு திரும்பிப் பின்புறத்தை நக்குகிறது. வீட்டுக்குள் ஒருநாளும் ஈரம் செய்யாத நாய், இப்போது ராத்திரியில் பாயின் ஓரத்தை நனைத்துவிடுகிறது. சில சமயம் கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பாக ரத்தம் தெரிகிறது. "இத்தனை வயசாகியும் புத்தி கெட்டுப்போச்சு" என்று அதை அடிக்கிறவர்கள் உண்டு. அடிக்காதீர்கள். அதற்கு அடக்க முடியவில்லை, எரிகிறது.

பெரும்பாலான நேரத்தில் இதற்குக் காரணம் ஈ.கோலி என்ற கிருமி. அது நாயின் சொந்தக் குடலில் குடியிருப்பது. பின்புறத்திலிருந்து ஏறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. பெட்டைக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அதற்குத்தான் அதிகம் வருகிறது. நூறு நாய்களில் ஏறக்குறைய 14 நாய்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வரும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆகவே இது அபூர்வ நோயல்ல.

கிருமி ஏறுவதைத் தடுக்க உடம்பே ஒரு வழி வைத்திருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்து, முழுக்கக் காலியாகி, மறுபடி நிறைந்து காலியாகும்போது உள்ளே ஒட்டப் பார்க்கும் கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. இது நடக்க இரண்டு வேண்டும். நாய் போதிய தண்ணீர் குடிக்க வேண்டும். தேவைப்படும்போது வெளியே போக வழி இருக்க வேண்டும். இந்த இரண்டுமே நம் ஊரில் சிக்கலான விஷயங்கள்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கிய தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது உங்களுக்குத் தெரியும். அதன்பின் நம் பிள்ளைகளின் பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. பொழுது விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ரயிலேறுகிறார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய், வேலை செய்து, இரவு திரும்புகிறார்கள். கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குப் போகும் வீட்டில், நாய் பதினான்கு மணி நேரம் கட்டிப்போட்டபடி இருக்கிறது. நல்ல பழக்கம் உள்ள நாய் கட்டிய இடத்தில் ஈரம் செய்யாது, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கும். கிண்ணத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கே கவிழ்ந்திருக்கும், அல்லது வெயிலில் சுட்டுக் கிடக்கும். அன்போடு வளர்க்கும் வீட்டிலேயே இது நடக்கிறது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பிழைப்பின் நேரம் மாறியதும் நாயின் உடம்பின் நேரமும் மாறிவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தண்ணீரின் கதையும் இப்படித்தான். கம்பெனிக் காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் வந்தது. இன்று சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளான பல லைன்களில் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்து டிரம்மிலும் குடத்திலும் பிடித்துவைக்கிறோம். கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். தண்ணீர் குறைந்த வீட்டில் முதலில் காய்வது நாயின் கிண்ணம். போர்த் தண்ணீர் கடினமாக இருப்பதால்தான் நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கல் வருகிறது என்று பலர் நம்பி, கேன் தண்ணீர் வாங்கி வைக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் வைப்பது நல்லதுதான். ஆனால் நாய்களுக்கு வரும் ஸ்ட்ரூவைட் என்ற வகைக் கல்லுக்கு முக்கியக் காரணம் கிருமி. தண்ணீரை மாற்றினால் மட்டும் அது தீராது. எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதே பெரிய கேள்வி.

ஒரு நாய்க்கு அதன் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் ஒரு நாளைக்குத் தேவை என்பது பொதுக் கணக்கு. இருபது கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். வெயில் காலத்தில் இன்னும் கூடும். சோற்றில் உள்ள நீரும் இந்தக் கணக்கில் சேரும். பாக்கெட்டில் வரும் உலர்ந்த நாய்த் தீனியில் நீர் நூற்றுக்குப் பத்துதான். வீட்டில் குழைய வேகவைத்த சோறும் கறியும் என்றால் எழுபது வரை இருக்கும். நீர்க்கடுப்பு அடிக்கடி வரும் நாய்க்கு உலர்ந்த தீனியை அப்படியே போடாமல், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். கறி வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் சேருங்கள். ஆனால் அதில் வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் இருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. மிஞ்சிய பிரியாணியையும் சால்னாவையும் நாய்க்கு ஊற்றுகிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

சோற்றில் உப்பைக் கூட்டினால் தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கு அது கெடுதல். உங்கள் நாய்க்கு அந்தக் கோளாறு இருக்கிறதா என்பது பரிசோதிக்காமல் தெரியாது. அதற்குப் பதிலாக வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். கவிழாத கனமான மண்சட்டி நல்லது. தினமும் கழுவி மாற்றுங்கள். உப்பு போடாத நீர்மோர் சிறிது கொடுக்கலாம். பார்லித் தண்ணீரும் கொடுக்கலாம், அதில் நாய்க்குக் கிடைக்கும் பெரிய நன்மை தண்ணீர்தான்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. சிவந்த சிறுநீர் எல்லாம் நீர்க்கடுப்பு ஆகாது. நம் பகுதியில் உண்ணி அதிகம். உண்ணி கடித்துப் பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தத்தில் புகுந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போகும். அந்த நாய் சாப்பிடாது, காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுத்திருக்கும். தெருவில் இணை சேரும் நாய்களுக்குப் பிறப்புறுப்பில் ஒருவகைப் புற்றுக்கட்டி தொற்றிக்கொண்டு ரத்தம் சொட்டும். அதையும் சிறுநீரில் ரத்தம் என்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள். கருத்தடை செய்யாத வயதான பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும். அதிகத் தாகமும் துர்நாற்றமும் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரலாம். ஆகவே நோயுற்ற நாயின் சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். இந்த நோய்கள் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. எந்த நோய் என்று தெரியாமல் சப்ளிமென்ட் வாங்குவது நாட்களை வீணாக்குவது.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? சிறுநீரைப் பரிசோதித்துத்தான். காலையில் முதல்முறை போகும்போது, நீளமான காம்புள்ள கரண்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நாய் குந்தியதும் முதல் சொட்டுகளை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். சத்தம் போடாமல் பின்பக்கமிருந்து நீட்டினால் பெரும்பாலான நாய்கள் கண்டுகொள்வதில்லை. சுத்தமான புட்டியில் ஊற்றி உடனே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நேரமாகி, குளிர்ந்துபோன சிறுநீரில் புதிதாகப் படிகங்கள் தோன்றிவிடும். இல்லாத கல்நோயை இருப்பதாகக் காட்டிவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் வேண்டுமானால், மருத்துவர் ஊசி வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரே எடுப்பதே சிறந்தது. அந்த மாதிரியை ஐஸில் வைத்து, தாமதிக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பெங்களூரில் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தினமும் ரயிலேறும் ஊர் நம்முடையது. உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மாதிரியை அங்கே சேர்ப்பது நமக்குப் பெரிய காரியமல்ல.

தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக் தேவை. 2019இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், எப்போதாவது ஒருமுறை வரும் சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் மருந்து போதும் என்கிறது. முன்பு இரண்டு வாரம் கொடுத்த காலம் உண்டு. அதே வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது: எந்தத் தொந்தரவும் இல்லாத நாயின் சிறுநீரில் கிருமி தெரிந்தால், பொதுவாக மருந்து கொடுக்க வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை கொடுங்கள். வீட்டில் மிஞ்சிய மனிதர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை எந்த மருந்தும் வேலை செய்யாமல் போகும்.

மெடிக்கல் ஷாப்பில் நீர்க்கடுப்புக்கு என்று மனிதருக்குத் தரும் சிட்ரேட் சிரப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சிறுநீரைக் காரமாக்குவது. நாய்க்கு வரும் ஸ்ட்ரூவைட் கல்லோ காரமான சிறுநீரில்தான் வளர்கிறது. நல்லது செய்கிறோம் என்று எண்ணிக் கல்லுக்கு உரம் போட்டதாகிவிடும். வலிக்கு என்று பாராசிட்டமாலோ ஐபுப்ரொஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ கொடுத்தால் நாயின் கல்லீரலும் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

இப்போது கல்லைப் பற்றிப் பார்ப்போம். உணவு உண்மையாகவே பெரிய வேலை செய்யும் இடம் இதுதான். சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அதனால் சிறுநீர் காரமாகி, மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் கல்லாகப் படிகிறது. இந்தக் கல்லைக் கத்தி வைக்காமல் கரைக்கலாம். அதற்கென்றே தயாரித்த மருத்துவ உணவு உண்டு: புரதமும் பாஸ்பரஸும் மெக்னீசியமும் குறைத்து, சிறுநீரைப் புளிப்பாக்கும்படி செய்தது. அதோடு ஆன்டிபயாடிக்கும் கல் கரையும்வரை தொடர வேண்டும், ஏனென்றால் கல்லின் அடுக்குகளுக்குள் கிருமி ஒளிந்திருக்கிறது. சில வாரங்கள் ஆகும். மாதந்தோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வேறொரு வாய் உணவும் கூடாது. "பாவம், ஒரு துண்டு கறி" என்று பாட்டி போடும் துண்டு அத்தனை வாரத்து உழைப்பையும் கெடுத்துவிடும். கல் கரைந்த பிறகு அந்த உணவை மருத்துவர் சொல்லும்வரை மட்டுமே கொடுக்க வேண்டும். குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் அது ஆகாது.

கால்சியம் ஆக்சலேட் கல் இதற்கு நேர்மாறு. அது எந்த உணவாலும் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். பொமரேனியன், ஷிட்சூ, லாசா அப்சோ போன்ற சிறிய இனங்களுக்கு இது அதிகம் வருகிறது. மறுபடி வராமல் தடுப்பதற்குத் தண்ணீரே முதல் வழி. பசலைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட் போன்ற ஆக்சலேட் மிகுந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். இங்கே நம் வீட்டுக் கேழ்வரகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோயற்ற நாய்க்குக் கேழ்வரகுக் கஞ்சி சிறிதளவு கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 344 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மெக்னீசியமும் ஆக்சலேட்டும் அதில் உண்டு. கல் வந்த நாய்க்கு, அது எந்தக் கல்லானாலும், களியை அன்றாட ஆகாரமாக வைக்காதீர்கள். சோறு போதும்.

மூன்றாவது யூரேட் கல். டால்மேஷியன் இனத்துக்குப் பிறவியிலேயே யூரிக் அமிலத்தைக் கையாள்வதில் ஒரு குறை உண்டு. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலும் மண்ணீரலும், மத்தியும் நெத்திலியும் அந்த நாய்க்கு ஆகாதவை. ஒரு நாய்க்கு ஏற்ற உணவு இன்னொரு நாய்க்குக் கெடுதல் என்பதால்தான், கல்லை எடுத்தால் அதை ஆய்வுக்கு அனுப்பி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

சப்ளிமென்ட்டுகளுக்கு வருவோம். மிகப் பிரபலமானது கிரான்பெரி. அதிலுள்ள ஒரு பொருள் ஈ.கோலி கிருமி திசுவில் ஒட்டுவதைக் குறைக்கிறது என்று ஆய்வகச் சோதனை காட்டியது. ஆனால் முதுகெலும்பு வட்டு நழுவிய நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், சிறுநீரில் கிருமி குறையவில்லை. ஆகவே அடிக்கடி தொற்று வரும் நாய்க்கு மருத்துவரைக் கேட்டு, நாய்க்கென்று தயாரித்ததைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. ஆக்சலேட் கல் வந்த நாய்க்கு வேண்டாம். கடையில் விற்கும் கிரான்பெரி ஜூஸில் சர்க்கரை நிறைய. சர்க்கரை இல்லாதது என்றால் சைலிட்டால் இருக்கலாம், அது நாய்க்கு விஷம். உலர்பழப் பாக்கெட்டில் கலந்திருக்கும் திராட்சையும் விஷமே.

டி-மன்னோஸ் என்ற சர்க்கரைப் பொருளுக்கும், புரோபயாட்டிக் மாத்திரைக்கும் நாய்களிடம் உறுதியான பலன் நிரூபிக்கப்படவில்லை. சிறுநீரைப் புளிப்பாக்க வைட்டமின் சி கொடுப்பது தவறு. நாயின் உடம்பு தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். மிஞ்சியது ஆக்சலேட்டாக மாறும்.

நம் பாட்டிமார் நெருஞ்சிலையும் சிறுபீளையையும் வாழைத்தண்டையும் சொல்வார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை, மனிதரின் கல்லடைப்புக்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் மூலிகை என்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நாய்க்கு எத்தனை மில்லி, எத்தனை நாள் என்பதற்கு நிரூபிக்கப்பட்ட அளவு கிடையாது. கஷாயத்தைக் கட்டாயப்படுத்தி வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்தும் உண்டு. அதைவிட அந்த நேரத்தில் நாயை ஒருமுறை வெளியே அழைத்துப் போங்கள்.

ஒருமுறை வந்தால் சிகிச்சை போதும். ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஒரு வருடத்தில் மூன்று முறையோ வந்தால், உள்ளே வேறொரு காரணம் இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோய், ஹார்மோன் கோளாறு, கல், உடல் பருத்துப் பிறப்புறுப்பைச் சுற்றி மடிந்த தோல் ஆகியவற்றைத் தேட வேண்டும். பருமன் என்றால் எடையைக் குறைப்பதே சிறந்த உணவு மருத்துவம். கருத்தடை செய்யாத ஆண் நாய்க்குத் தொற்று வந்தால் பிராஸ்டேட் சுரப்பியைப் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு நிலையில் மட்டும் உணவு, தண்ணீர், சப்ளிமென்ட் எதையும் யோசிக்காதீர்கள். ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் கல் அடைத்திருக்கிறது. நாயின் ஆண்குறிக்குள் ஓர் எலும்பு உண்டு, கல் அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். அன்றே, ராத்திரியானாலும், மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் குடிக்கவைத்தால் அடைப்பு தீரும் என்று காத்திருந்தால் சிறுநீர்ப்பை கிழியும், விஷம் ரத்தத்தில் ஏறும், நாய் இறந்துபோகும்.

தங்கவயல் மக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். லைன் வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வாழ்கிறோம். காலையில் ரயிலேறிப் போகிறவர்கள் பக்கத்து வீட்டு அக்காவிடமோ, ஓய்வு பெற்ற தாத்தாவிடமோ சாவியைக் கொடுத்து, மத்தியானம் ஒருமுறை நாயை அவிழ்த்து வெளியே விடவும், கிண்ணத்தை நிரப்பவும் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் இருக்கிறவர்கள், கேட்காவிட்டாலும் அந்த உதவியைச் செய்யுங்கள். வாசலில் படுக்கும் தெருநாய்க்கும் ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். ஒரு டப்பா கிரான்பெரி மாத்திரையால் ஆகாத காரியம் இதனால் ஆகும். பணமும் செலவில்லை. நம் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் நாய்க்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.